பெட்டிக்கு எத்தனை அடி?

பத்துப் பன்னிரண்டு வருடமாக மணல் பெட்டியைத் தவிர வேறெங்கும் போகாத பூனை, ஒருநாள் மிதியடியை நனைத்துவைக்கிறது. மறுநாள் கட்டிலுக்குக் கீழே. அடுத்த வாரம் பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி. வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். புதிதாக வந்த குட்டிமேல் பொறாமை என்பார் ஒருவர். நான்கு நாள் தனியாக விட்டுவிட்டு ஊருக்குப் போனதற்குப் பழிவாங்குகிறது என்பார் இன்னொருவர். வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் என்று மூன்றாமவர் வழக்கை முடித்துவைப்பார்.

மூன்று தீர்ப்பிலும் ஓட்டை இருக்கிறது. பொறாமைப்படும் பூனையோ பழிவாங்க நினைக்கும் பூனையோ, பெட்டிக்கு ஒரு சாண் தூரம் வரை எதற்காக மெனக்கெட்டு வர வேண்டும்? வயதுதான் காரணம் என்றால், அந்த வயது உடம்பின் எந்த வழியாக வந்து தரையை நனைக்கிறது?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். மூன்று பூனைகள். செம்பிக்கு 14 வயது, எடை 4 கிலோ. கருப்பனுக்கு 3 வயது, புள்ளிக்கு 2. மணல் பெட்டி ஒன்றுதான். சமையலறையைத் தாண்டி, வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனியில் அதை வைத்திருக்கிறார்கள். செம்பி தூங்குவது முன்னறை சோபாவில். சோபாவிலிருந்து பெட்டிக்கு 30 அடி இருக்கும். அந்த 30 அடிக்குள்தான் விடை இருக்கிறது.

முதலில், யார் அது?

தரையை நனைத்தது செம்பிதான் என்று எப்படித் தெரியும்? பல பூனை இருக்கும் வீட்டில் பழி எளிதாக மூத்ததன்மேல் விழும். கால்நடை மருத்துவர்களிடம் இதற்கு ஓர் உபாயம் உண்டு. கண் பரிசோதனைக்குப் பயன்படும் ஃபுளோரசின் என்ற சாயத்தைக் கேப்ஸ்யூலில் அடைத்து ஒரு பூனைக்கு மட்டும் கொடுப்பார்கள். அது சிறுநீரோடு வெளியேறி, புற ஊதா விளக்கின் கீழ் மஞ்சள் கலந்த பச்சையாகப் பளிச்சிடும். மலம் என்றால் இன்னும் எளிது. நச்சில்லாத வண்ண க்ரேயானைத் துருவி ஒரு பூனையின் சாப்பாட்டில் கலந்துவிட்டால், நிறமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பழைய கைபேசியை நடைவழியில் கேமராவாக வைப்பதும் இதே வேலையைச் செய்யும்.

ஆளைத் தேடும்போதே ஈரத்தின் வடிவத்தையும் அளவையும் பார்த்துவைக்க வேண்டும். சுவரிலோ கதவிலோ பீய்ச்சியிருந்தால் அது பெரும்பாலும் எல்லை குறித்தல். அது வேறு கதை. தரையில் குளம்போலத் தேங்கியிருந்தால் பூனை உண்மையாகவே சிறுநீர் கழித்திருக்கிறது. அடிக்கடி உட்கார்ந்து முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம். ஆண் பூனை முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது அவசரம். சிறுநீர்த்தாரை அடைபட்ட ஆண் பூனை ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும். அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நம் வீட்டில் விளக்கடியில் பளிச்சிட்டது செம்பியின் சிறுநீர். சொட்டு அல்ல, பெரிய குளம். நிறம் வெளிறியது, வாடையும் முன்புபோல் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து ஓர் உறுப்பைச் சுட்டுகின்றன.

பாலைவனத்தில் செய்த சிறுநீரகம்

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரியும் காட்டுப் பூனை. ஏறத்தாழ 1,000 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. தண்ணீர் அரிதான நிலத்தில் அந்த விலங்குக்கு வேண்டிய ஈரத்தில் பெரும்பகுதி இரையின் உடலிலிருந்தே கிடைத்தது. கிடைத்ததைச் சிந்தாமல் வைத்துக்கொள்ளும் சிறுநீரகம் உள்ள பூனையே பிழைத்தது.

அந்தத் திறனை ஓர் எண்ணால் அளக்கலாம். தண்ணீரைவிட ஒரு திரவம் எத்தனை மடங்கு கனமானது என்பதே ஒப்படர்த்தி. தூய தண்ணீருக்கு அது 1.000. மனிதச் சிறுநீரகம் மிகவும் முயன்றால் 1.035 வரை எட்டும். நலமான பூனைக்கு அது ஆரம்பப் புள்ளி, 1.050, 1.060 என்பதெல்லாம் அதற்குச் சாதாரணம். பூனைச் சிறுநீர் அவ்வளவு நெடியடிப்பதற்கு இந்தக் கெட்டித்தன்மையும் ஒரு காரணம்.

மணலைத் தோண்டி மூடும் பழக்கமும் அதே நிலத்திலிருந்து வந்த சொத்து. யாரும் கற்றுத்தராமலே குட்டி மணலைத் தேடுவது இதனால்தான். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், பூனைக்கு மணல் கேட்டு வந்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கு, எண்ணெய்க் கறையை உறிஞ்ச விற்றுவந்த களிமண் குருணையை எடுத்துக் கொடுத்தார். நாம் முகத்தில் பூசும் முல்தானி மிட்டி வகையைச் சேர்ந்த மண் அது. இன்று உலகெங்கும் விற்கும் பூனை மணலின் வியாபாரம் அங்கேதான் தொடங்கியது. முற்றமும் கொல்லையும் உள்ள வீட்டில் வயதான பூனை எங்கே போகிறது, எத்தனை தடவை போகிறது என்று யாருக்கும் தெரியாது. பெட்டி வந்த பிறகு பூனையின் சிறுநீரகம் வீட்டார் கண்ணுக்குத் தெரியும் விஷயமாகிவிட்டது.

கெட்டால் குறைய வேண்டாமா?

சிறுநீரகம் பழுதானால் சிறுநீர் குறையும் என்றுதான் நினைப்போம். பூனையிடம் நெடுங்காலத்துக்கு நடப்பது அதற்கு நேர்மாறு.

பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்வடிகுழல்கள் ஏறத்தாழ 2 லட்சம் இருக்கின்றன. ரத்தத்தை வடிப்பதும், வடித்த நீரில் பெரும்பகுதியை உடலுக்குத் திருப்பித் தருவதும் இவற்றின் வேலை. அழிந்த வடிகுழல் மறுபடி முளைப்பதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்த பிறகு, மிஞ்சியவற்றால் கழிவை வெளியேற்ற முடிகிறது, தண்ணீரைத் திருப்பித் தர முடிவதில்லை. ஒரு லோடு மணலை லாரியில் ஒரே நடையில் கொண்டுபோகலாம். கூடையில்தான் சுமக்க வேண்டும் என்றால் மணல் அதேதான், நடை பெருகிவிடும். செம்பியின் உடம்பில் லாரி போய்க் கூடை வந்திருக்கிறது.

எவ்வளவு பெருகும்? 4 கிலோ பூனை நலமாக இருந்தபோது ஒரு நாளில் 60 மில்லிலிட்டர் சிறுநீர் கழித்தது, அதன் ஒப்படர்த்தி 1.050 என்று வைத்துக்கொள்வோம். 1.000-க்கு மேலே உள்ள அந்த 50-தான் தோராயமாகக் கழிவின் செறிவைக் காட்டுகிறது. இப்போது செம்பியின் சிறுநீர் 1.015. செறிவு 50-இலிருந்து 15-க்கு இறங்கிவிட்டது. வெளியேற வேண்டிய கழிவு அதே அளவுதான். அப்படியானால் தண்ணீர் மூன்று மடங்குக்கும் மேல் தேவை. 60 மில்லிலிட்டர் 200 மில்லிலிட்டர் ஆகிறது. முன்பு நாளுக்கு 3 தடவை போனவள் இப்போது 7 தடவை போக வேண்டும்.

இழந்த தண்ணீரை ஈடுகட்டத்தான் அவள் கிண்ணத்தைக் காலிசெய்கிறாள். அதிகம் குடிப்பதால்தானே அதிகம் போகிறது என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்கும் இந்த வைத்தியம், ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை இன்னும் வேகமாகக் கெடுக்கும்.

ஏழு அங்குலச் சுவர்

ஏழு தடவை போகட்டுமே, பெட்டி அங்கேதானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அதற்கு ஏழு அங்குல உயரத்தில் ஒரு சுவர் இருக்கிறது. மணல் சிதறக்கூடாதே என்று வீட்டார் தேடி வாங்கிய பெட்டி அது.

12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசீலித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். 90 பூனைகளுக்கு மூட்டிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் இருந்தது. ஆனால் மூட்டு வலிக்காக மருத்துவரிடம் வரும் பூனை அபூர்வம். பூனை பெரும்பாலும் நொண்டாது, முனகாது. வலிக்கும் காரியத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மேசைமேல் ஏறுவதை நிறுத்தும். சோபாவுக்கு ஒரே தாவலில் போனது இப்போது முக்காலியில் ஏறி, அங்கிருந்து போகும். முதுகை நக்கிச் சுத்தம் செய்வது குறைந்து ரோமம் சடையாகும். வயதாகி அடங்கிவிட்டது என்று நாம் சொல்வதில் பாதி, வலியின் பெயர்.

நிற்கும் பூனையின் தோள் ஒன்பது பத்து அங்குல உயரம். அதில் முக்கால் பங்கு உயரச் சுவரைச் செம்பி ஒரு நாளில் 7 தடவை ஏறிக் கடக்க வேண்டும், 7 தடவை இறங்க வேண்டும். உள்ளே போனாலும் குந்த முடியாமல் இடுப்பைத் தூக்கியபடியே கழித்தால், அவள் பெட்டிக்குள் நிற்பாள், சிறுநீர் விளிம்பைத் தாண்டி விழும். பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி நனைந்திருந்ததன் மர்மம் பெரும்பாலும் இதுதான். பளபளக்கும் டைல்ஸ் தரை அவள் பின்னங்கால்களை வழுக்கிவிடுகிறது. மிதியடி வழுக்குவதில்லை, மெத்தென்றும் இருக்கிறது. மிதியடிமேல் அவளுக்கு வந்த ஆசையில் வஞ்சம் எதுவும் இல்லை.

சத்தமில்லாத சண்டை

இனி கருப்பன். வீட்டில் யாரிடம் கேட்டாலும் மூன்றும் ஒற்றுமையாக இருக்கின்றன, சண்டையே கிடையாது என்பார்கள். உறுமலையும் பிறாண்டலையும் மட்டும் சண்டை என்று எண்ணினால் அது சரி.

பூனையின் மூதாதை தனியாக வேட்டையாடிய விலங்கு. கூட்டமாக வாழும் விலங்குகளிடம் மோதலுக்குப் பிறகு சமாதானமாகும் வழிமுறைகள் வளர்ந்திருக்கின்றன. பூனைக்குத் தெரிந்த முக்கிய வழி விலகிப் போவதுதான். ஃபிளாட்டில் விலக இடமில்லை. கருப்பன் சமையலறை வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிறான். கண்ணை இமைக்காமல் பார்க்கிறான், அவ்வளவுதான். செம்பி பாதியில் நின்று, வேறெங்கோ போகக் கிளம்பியதுபோலத் திரும்பிவிடுகிறாள். பார்ப்பவருக்கு ஒரு பூனை படுத்திருக்கிறது, இன்னொன்று உலாவுகிறது. உண்மையில் நடந்தது ஒரு வழிமறிப்பு. பெட்டிக்கு மூடி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரே வாசலுள்ள மூடிய பெட்டியிலிருந்து வெளியே வரும் பூனைமேல் பாய்வது, காத்திருக்கும் இளம் பூனைக்குச் சுலபமான விளையாட்டு.

கூட்டல் இல்லை, பெருக்கல்

இப்போது கணக்கைச் சேர்த்துப் போடலாம். சுவரோ கருப்பனோ, ஏதோ ஒன்றினால் செம்பியின் பயணத்தில் 10-க்கு ஒன்று தடைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நலமாக இருந்த காலத்தில் நாளுக்கு 3 தடவை, வாரத்துக்கு 21 பயணம். அதில் 2 தடைப்பட்டிருக்கும். ஆனால் தரை நனைந்திருக்காது. அவளால் அரை மணி நேரம் பொறுத்திருந்து மறுபடி போக முடிந்தது.

இப்போது நாளுக்கு 7 தடவை, வாரத்துக்கு 49 பயணம். அதே பத்தில் ஒரு தடை என்றால் வாரத்துக்கு 5. பொறுக்கவும் முடியாது, நிமிடத்துக்கு நிமிடம் பை நிறைகிறது. ஐந்தும் தரைக்கு வருகின்றன. கருப்பன் முன்னைவிடக் கொடியவன் ஆகவில்லை. பெட்டியின் சுவர் உயரவில்லை. சிறுநீரகம் பயணங்களைப் பெருக்கியது, பொறுக்கும் அவகாசத்தைப் பறித்தது. இத்தனை வருடமும் இருந்துகொண்டே கண்ணில் படாத தடைகள் அதனால் கண்ணில் பட்டன. அளவுநாடாவுக்கு இன்னும் 30 அடிதான். செம்பிக்கு அது பல மடங்கு நீண்டுவிட்டது.

காரணங்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்பது கெட்ட செய்திபோலத் தோன்றும். அதற்குள் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: பெருக்கலில் எந்த எண்ணைக் குறைத்தாலும் விடை சுருங்கிவிடும். அழிந்த வடிகுழலைத் திருப்பித் தர எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் சோபாவுக்கு ஆறடியில் சுவர் தாழ்ந்த இன்னொரு பெட்டியை வைத்தால், தடை 10-க்கு ஒன்றிலிருந்து 50-க்கு ஒன்றாகக் குறையலாம். 49 பயணத்தில் ஒன்று. சிறுநீரகம் துளியும் தேறவில்லை; வாரத்துக்கு ஐந்து தடவை நனைந்த தரை ஒரு தடவைதான் நனைகிறது.

எத்தனை பெட்டி, எங்கே?

பூனை மருத்துவர்கள் சொல்லும் விதி: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு. மூன்று பூனைக்கு நான்கு பெட்டி. சின்ன ஃபிளாட்டில் இதைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். விதியின் உட்பொருள் எண்ணிக்கையைவிட வழிகளில்தான் இருக்கிறது. பால்கனியில் நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்தாலும் கருப்பன் ஒரே வாசலில் படுத்து நான்கையும் மூடிவிடுவான். தனித்தனி அறைகளில் இருக்கும் மூன்று பெட்டிகளை அவனால் ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாது.

செம்பியின் பெட்டிக்குக் கடைச் சரக்கு தேவையில்லை. அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டால் போதும். மற்ற மூன்று பக்கமும் உயரமாகவே இருக்கட்டும். நின்றபடி கழித்தாலும் உள்ளேயே விழும். நீளம், மூக்கிலிருந்து வாலின் அடி வரை அளந்து அதைப்போல் ஒன்றரை மடங்கு. மணல் நைசாக, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். அள்ளுவது நாளுக்கு இரண்டு முறையாவது நடக்க வேண்டும். மூன்று மடங்கு சிறுநீர் என்றால் பெட்டியும் மூன்று மடங்கு வேகமாக அழுக்காகும். போகும் வழியில் வழுக்காத விரிப்பும், இரவில் ஒரு சின்ன விளக்கும் இருந்தால் நல்லது. 15 வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ பாதிக்கு மூளை முதுமையின் அடையாளங்கள் தெரிகின்றன. வழி தடுமாறுவதும் நள்ளிரவில் காரணமில்லாமல் கத்துவதும் அவற்றில் சேரும். பழைய பெட்டியை எடுக்காமல் புதியதைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

பினாயிலும் பாராசிட்டமாலும்

நனைந்த இடத்தைப் பினாயில் ஊற்றித் துடைப்பது நம் வீடுகளின் வழக்கம். பூனை இருக்கும் வீட்டில் அது ஆபத்து. ஃபீனால் வகைப் பொருள்களைச் சர்க்கரை அமிலத்தோடு இணைத்து வெளியேற்றும் நொதி மனிதக் கல்லீரலில் உண்டு. பூனையிடம் அந்த நொதிக்கான மரபணு பழுதாகிச் செயலிழந்திருக்கிறது. பினாயில் பட்ட பாதத்தை நக்கினால் அந்த நஞ்சு உடம்பிலேயே தங்கும். மூட்டு வலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலும் இதே காரணத்தால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

பிளீச்சிங் கரைசலும் வேண்டாம். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை முட்டும் வாயுவை உண்டாக்கும். ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவத்தை ஊற்றி, டைல்ஸ் இடுக்குகளில் ஊறும்படி விட்டுத் துடைக்க வேண்டும். நம் மூக்குக்கு வாடை போனதோடு வேலை முடிவதில்லை. பூனைக்கு எஞ்சிய வாடை, இதுவும் கழிக்கும் இடம்தான் என்ற அறிவிப்பு.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

இதுவரை சிறுநீரகம்தான் என்று எடுத்துக்கொண்டோம். சிறுநீரைப் பெருக்கும் நோய்கள் இன்னும் உண்டு. நீரிழிவில் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. 1979-இல் நியூயார்க் மருத்துவர்கள் முதன்முதலில் பூனையிடம் விவரித்த தைராய்டு மிகைச் சுரப்பில், பூனை வெறித்தனமாகச் சாப்பிட்டும் இளைக்கும். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் கவனித்தால் சில பூனைகளின் நீரிழிவு இன்சுலினே வேண்டாத அளவுக்குத் தணிவதும் உண்டு. அதனால் சிறுநீரின் ஒப்படர்த்தி, ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, கிரியேட்டினின், கூடவே ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கிரியேட்டினின் மட்டும் போதாது. முக்கால் பங்கு வடிகுழல் அழிந்த பிறகே அது ஏறத் தொடங்கும். தரையில் தேங்கிய வெளிறிய குளம் அதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுகிறது.

சிறுநீரக நோய் உறுதியானால் பாஸ்பரஸ் குறைந்த உணவும், எளிதாகக் கிடைக்கும் தண்ணீரும் ஆயுளைக் கூட்டும். உலர் தீவனத்தில் தண்ணீர் 10 சதவீதம்தான். ஈர உணவில் 75-க்கும் மேல். மூட்டு வலிக்கும் பூனைக்கென்றே மருந்துகள் வந்துவிட்டன. வலியைக் கடத்தும் ஒரு புரதத்தை மடக்கிப் பிடிக்கும் ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2022-இல் அனுமதி தந்தது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் (FDA) விலங்குகளுக்காக அனுமதித்த முதல் மோனோக்ளோனல் ஆன்டிபாடி மருந்து அது.

வீட்டில் வாங்கிவைக்க வேண்டிய கருவி ஒன்றே ஒன்று: எடை மெஷின். மாதம் ஒருமுறை மூன்று பூனைகளையும் நிறுத்து, தேதியோடு எழுதிவைக்க வேண்டும். செம்பி 4 கிலோவிலிருந்து 3.6 கிலோவுக்கு இறங்கினால், தூக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம் அது. கருப்பனுக்கும் புள்ளிக்கும் இன்றே கணக்கைத் தொடங்கிவிடலாம். நலமாக இருந்தபோது என்ன எடை என்று தெரிந்திருந்தால்தான் குறைவது எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியும்.